கம்பம் நட்டிருந்தபோது விசாவுக்குப் போனது

என் எழுத்து கோணலாக இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடவும் லாரிக்காரனுக்குச் சீட்டு எழுதவும்தான் பேனா பிடித்திருக்கிறேன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம். பிழை கண்ட இடத்தில் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்றால், இரண்டு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு நின்றுவிடும். காகிதம் பார்க்காது.

எங்கள் ஊர் எருத்தேன்பதிப் பக்கம், மாநில எல்லையை ஒட்டியது. வில்லேஜ் ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ், சாமான் வாங்கப் பொள்ளாச்சி. என் தொழில் நார் மில். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தால் செம்பழுப்பாக ஒரு தூள் மிஞ்சும். முன்பெல்லாம் அதை ரோட்டோரம் கொட்டிவிட்டு யாரும் பார்ப்பதற்குள் வந்துவிடுவோம். இப்போது அதைத்தான் கழுவி உப்பெடுத்து, களத்தில் காயவைத்து, செங்கல்போல அழுத்திக் கப்பலில் அனுப்புகிறோம். மணல் நாடுகளில் அதைப் பரப்பித் தண்ணீர் விட்டு, அதன்மேல் புல்லும் பூவும் வளர்க்கிறார்கள். கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தூள் எங்கள் ஊரில் எல்லாவற்றின் மேலும் படியும். சோற்றில் இருக்கும், தலையணை உறைக்குள் இருக்கும். காலையில் எழுந்தால் படுத்திருந்த ஆளின் உருவம் மட்டும் விரிப்பில் வெள்ளையாகத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வளைகுடாவில் ஒரு நாட்டில் இருக்கிறாள். போன வருஷம் அவளுக்குப் பிரசவம். குழந்தை நன்றாகப் பிறந்தது. அவள்தான் படுத்த படுக்கையானாள். ரத்தம் நிறையப் போய்விட்டது, இடுப்புக்குக் கீழே பலமில்லை, தானாக எழுந்து உட்கார முடியவில்லை. மருமகன் விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அதனால் என் மனைவி பார்வையாளர் விசாவில் அங்கே போனாள். அதை நீட்டிப் பார்த்தார்கள், மறுபடியும் நீட்டினார்கள். இனி நீட்ட வழியில்லை, சித்திரை முடிவதற்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மருமகனின் சம்பளத்துக்குப் பெரியவர்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள அங்கே சட்டம் விடாது.

"நான் வந்தர்றனுங்க, ஆனா இவள ஆரு தூக்கி ஒக்கார வெப்பாங்க?" என்று மனைவி போனில் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மருமகன்தான் வழி சொன்னார். மாமா தொழில் நடத்துகிறவர், அங்கே முதலீடு செய்தால் விசா கிடைக்கும், அவர் பெயருக்குக் கீழே அத்தையும் தங்கலாம் என்றார். கோயமுத்தூரில் இதற்கென்றே ஒரு ஆபீஸ் இருந்தது. கண்ணாடிக் கதவு. தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றேன்; உள்ளேயிருந்த பெண் எழுந்து வந்து திறந்துவிட்டாள்.

"சார், உங்கள மாதிரி ஓனர்ஸ் வெளிநாடு போறதுக்கு நாலஞ்சு வழி இருக்குதுங்க சார். மொதல்ல உங்க படிப்பச் சொல்லுங்க."

"நாலாவதுங்க."

"நாலாவது செமஸ்டரோட நிறுத்திட்டீங்களா?"

"நாலாங்கிளாஸுங்க."

அவள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வழியாகச் சொன்னாள். ஐரோப்பாவில் சில நாடுகளில் வீடு வாங்கினாலே குடியிருக்க விட்டார்கள், இப்போது பல இடங்களில் அதை நிறுத்திவிட்டார்கள், பங்கு நிதியில் போட்டால் மட்டும் சில இடங்களில் உண்டு. அமெரிக்காவில் பெரிய தொகை போட்டு அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுத்துக் காட்ட வேண்டும், பிறகு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குளிர் நாடுகளில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருந்தது, அதற்கு இங்கிலீஷ் பரீட்சை உண்டு. அந்த இடத்தில் அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தானே அடுத்ததற்குப் போய்விட்டாள். கடைசியில் வளைகுடா. அங்கே இரண்டு வழி. பெரிய விலைக்கு வீடு வாங்கினால் நீண்ட காலத்துக்குத் தருவார்கள். அதில்லாவிட்டால் ஒரு கம்பெனி லைசன்ஸ் எடுத்து, ஒரு குடோன் பிடித்து, பங்குதாரராகப் பெயர் போட்டுக்கொண்டால் முதலீட்டாளர் விசா.

"உங்க சரக்கு ஏற்கெனவே அங்க போகுதே சார். நீங்களே அங்க இருந்து வித்தா ஆச்சு. ஒய்ஃப் உங்க ஃபைல்லயே வந்துருவாங்க."

"நான் அங்கயே இருக்கோணுங்களா?"

"ஆறு மாசத்துக்கு மேல தொடர்ச்சியா வெளிய இருந்தீங்கன்னா ரத்தாயிரும். உங்களோடது போனா அவங்களோடதும் போயிரும்."

"மில்லு இங்க ஓடுதுங்களே. ஒரு ஆளு ரெண்டு பக்கமும் எப்படீங்க இருக்கறது?"

"எல்லா பிசினஸ்காரங்களும் அப்படித்தான சார் இருக்காங்க" என்று சொல்லி அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

வேலை வேகமாக நடந்தது. லைசன்ஸ் வந்தது. பிறகு கொச்சியிலுள்ள விசா மையத்திலிருந்து நாள் குறித்து வந்தது. முதல் நாள் போட்டோவும் கைரேகையும். மறுநாள் காலை உடல் பரிசோதனை. இடையில் ஓர் இரவு அங்கே தங்கித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தேதியைக் கேட்டபோது எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து நோம்பி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோம்பி சாட்டியதும், அதாவது திருவிழா நாளை ஊருக்கு அறிவித்ததும், மூன்று கவையுள்ள மரக்கிளை ஒன்றை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் கம்பம். அம்மனுக்குப் புருஷன் என்று அதைத்தான் சொல்வார்கள். நோம்பி முடியும்வரை ஊரே காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றும். முடிந்த அன்று பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிடுவார்கள். கம்பம் நின்றுகொண்டிருக்கிறவரை ஊர்க்காரன் எவனும் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். தங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் எனக்குத் தெரிந்து யாரும் தங்கியதில்லை.

ஆபீஸ் பெண்ணுக்குப் போன் செய்து வேறு தேதி கேட்டேன்.

"என்ன காரணம் சார்?"

"ஒரு சின்ன விசேசமுங்க."

"இதை விட்டா அடுத்தது உங்க ஒய்ஃபோட கடைசித் தேதிக்கு அப்புறம்தான் சார் கிடைக்கும். அந்த விசேசம் அவ்வளவு முக்கியமா?"

ஒரு மரக்கிளைக்காக என்று எப்படிச் சொல்வது? "இல்லீங்க, போயிர்றனுங்க" என்றேன். ஊர்ப் பெரியவர்களிடம் போய் மகளின் நிலைமையைச் சொல்லி அனுமதி கேட்டிருக்கலாம். கோயில்வரை நடந்தும் போனேன். அங்கே எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன். என் சுபாவம் அப்படி.

மில்லில் ஆட்களை மேய்க்கிற அக்கா ஒருத்தி உண்டு. என்னைவிட மூத்தவள், ஆரம்பத்திலிருந்து இருக்கிறவள். களத்தில் தூளைத் திருப்பிக்கொண்டிருந்தவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் முக்காட்டை எடுத்துத் தூளை உதறிவிட்டு யோசித்தாள்.

"ஆளு ஊருல படுத்திருக்கோணும். அவ்வளவுதானுங்களே தம்பி?"

"ஆமாங்க்கா."

"அப்ப படுக்க வெச்சிட்டுப் போங்க. உங்க சட்டை வேட்டிய, தொவைக்காததா எடுத்து, கட்டலு மேல ஆளு படுத்த மாதிரி விரிச்சுப் போடுங்க. தலைக்குத் துண்டு. நான் இங்கதான் இருக்கறேன்னு அம்மங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுக் கெளம்புங்க."

"அது போதுங்களா?"

"அம்மனுக்கே ஒரு கம்பு புருசனா நிக்குதுங்க. உங்களுக்கு ஒரு சட்டை படுக்கக் கூடாதுங்களா?"

களத்திலிருந்த பெண்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேறு ஊர்க்காரன் யாராவது கேட்டிருந்தால், கும்பிட்டுவிட்டுப் போ, இல்லாவிட்டால் போகாதே என்று சொல்லியிருப்பான். எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை சரியென்று படும்.

கிளம்புகிற அன்று காலை, முந்தின நாள் போட்டிருந்த சட்டையைக் கட்டிலில் விரித்தேன். பொத்தான்களைப் போட்டேன். கீழே வேட்டி. சட்டையின் கைகள் தொங்கின. தொங்கவிட மனமில்லாமல் மார்பின் மேல் மடித்துவைத்தேன். நான் தூங்குவது அப்படித்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வெளியே வந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பூட்டும்போது திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

விசா மையத்தில் நல்ல குளிர். என் முறை வந்ததும் கண்ணாடிப் பெட்டி மேல் விரல்களை வைக்கச் சொன்னார்கள். மட்டையிலும் நாரிலும் வேலை செய்த கை, ரேகை தேய்ந்துபோயிருந்தது. அங்கிருந்த மலையாளிப் பையன் இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தான்.

"சேட்டா, கை நல்லோணம் கழுகிட்டு வரூ. மிஷினில் ஆளு வருந்நில்லல்லோ."

கழுவிவிட்டு வந்தேன். அப்புறமும் மிஷினில் ஆள் வரவில்லை. ஏதோ எண்ணெய் தடவி, ஈரத்துணியில் துடைத்து, கடைசியில் எப்படியோ பதிந்தது. "கிட்டி" என்றான். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னான், திரைக்குள் இருக்கிறவனை வரவேற்கிற மாதிரி.

வெளியே வந்து, வாசலில் ஒப்படைத்திருந்த போனை வாங்கினேன். மனைவி பல தடவை கூப்பிட்டிருந்தாள். நல்ல உச்சி வெயில். அங்கே காலை சமையல் முடிந்து மகள் கண்ணயர்கிற நேரம். அந்த நேரத்தில்தான் அவள் தினமும் போனில் எங்கள் வீட்டைப் பார்ப்பாள். அவள் அந்த நாட்டுக்குக் கிளம்பியபோது மருமகன் ஆள் அனுப்பி முன்கூடத்தில் கேமரா வைத்துக் கொடுத்திருந்தார். கட்டிலும் வாசல் கதவும் அதில் தெரியும்.

நான் கூப்பிட்டதும் எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, போகலீங்களா?"

"எங்க?"

"கொச்சிக்கிங்க! கம்பம் நட்டிருக்குதுன்னு போகாம இருந்துட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க. நான் இங்க இவளுக்கு இனிப் பயமில்லைன்னு சொல்லிப்போட்டு ஒக்காந்திருக்கறனுங்க."

"நான் கொச்சியிலதான் இருக்கறேன் புள்ள. ரேகையெல்லாம் வெச்சாச்சு."

"பொய் சொல்லாதீங்க. உங்களப் பாத்துட்டேதானுங்க பேசறேன். கட்டலு மேல படுத்திருக்கறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டையைத்தான் பார்த்திருக்கிறாள் என்று புரிந்தது. முகம் தெரிகிற மாதிரி போனை மாற்றி, ரோட்டையும் ஆட்டோக்களையும் மையத்தின் போர்டையும் காட்டினேன். அக்கா சொன்ன யோசனையையும் சொன்னேன். மனைவியும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் முகத்துக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வெறுந்துணிங்களா?"

"ஆமா. நேத்துப் போட்டிருந்த சட்டை."

"துணி எந்திரிச்சு ஒக்காருங்களா?"

நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"மொதல்ல படுத்திருந்தீங்க. நான் போன் போட்டுப் போட்டு நீங்க எடுக்காததுக்கு கேமரா மைக்குல 'ஏனுங்க'ன்னு கூப்புட்டனுங்க. எந்திரிச்சு ஒக்காந்து கேமராவப் பாத்தீங்க. மறுக்கா படுத்துட்டீங்க. கோவத்துல இருக்கறீங்கன்னு நெனச்சனுங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "இப்பத்தானுங்க, சித்த முன்னாலதான்."

பக்கத்தில் கரும்புச்சாறு பிழிகிறவன் மணியை ஆட்டிக்கொண்டிருந்தான். ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நான் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறேனா என்று காலைப் பார்த்துக்கொண்டேன். செருப்பு இருந்தது. நிழல் காலடியில் சின்னதாக இருந்தது.

"நான் திரும்பி வந்தரட்டுமா?" என்று கேட்டேன். இப்போது பஸ் ஏறினால் படுக்கிற நேரத்துக்கு ஊர் போய்விடலாம். மறுநாள் பரிசோதனை போய்விடும். அது போனால் விசா போய்விடும்.

உள்ளறையிலிருந்து மகள் "அம்மா" என்று கூப்பிடுவது எனக்குக் கேட்டது. மெல்லிய குரல்.

"வேண்டாமுங்க" என்றாள். "முடிச்சுட்டே வாங்க. நான் இனி அதைத் தொறந்து பாக்கமாட்டேன்."

மறுநாள் என் நெஞ்சைப் படமெடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஊர் வந்து சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. காற்று பலமாக அடித்தது. பஸ் நிறுத்தத்தின் எதிரே டீக்கடை. பழக்கத்தில் போய் நின்றேன்.

"மறுக்காவுங்களா?" என்றார் கடைக்காரர்.

"என்னுங்க?"

"இப்பத்தான ஒண்ணு குடிச்சுப்போட்டுப் போனீங்க. வெயிலுக்கு டீயா குடிச்சா வவுறு என்னத்துக்காகும்?"

அவர் கேலிக்காரர்தான். எதையும் சொல்வார். அவர் கண்ணைப் பார்த்திருந்தால் கேலியா நிஜமா என்று தெரிந்திருக்கும். என்னால் யார் கண்ணையும் பார்க்க முடியாது. "ஆமாங்க" என்று சொல்லி இரண்டாவது டீயையும் குடித்தேன். எனக்கு அதுதான் முதலாவது.

வீட்டுப் பூட்டு நான் போட்டபடியே இருந்தது. உள்ளே போய்க் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி நின்றேன். சட்டை கிடந்தது. கைகள் மார்பின் மேல் இல்லை; ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அது காற்றுக்கு நழுவியிருக்கலாம். விரிப்பு முழுவதும் தூள் படிந்திருந்தது, சட்டையைச் சுற்றி மட்டும் ஒரு உடம்பின் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. அதுகூடத் துணி கிடந்ததால் இருக்கலாம். வேட்டியின் கீழ்க்கரை ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் தண்ணீர். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள் எல்லோருடைய வேட்டியும் அப்படித்தான் நனையும். அதற்கு மட்டும் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

களத்துக்குப் போனேன். அக்கா தனியாக என்னை மூட்டை அடுக்கின் பின்னால் கூட்டிப்போனாள்.

"நேத்து சாயங்காலம் பொம்பளைங்க சொன்னாளுங்க தம்பி, மொதலாளி களத்தோரம் நிக்கறாருன்னு. நான் வாயைத் தொறக்கலீங்க."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"நான் குனிஞ்ச தலைய நிமித்தலீங்க. தூளு மேல ஒரு நெழலு விழுந்துது, அவ்வளவுதான்." பிறகு என் தோளில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டாள். "பயப்படாதீங்க. கம்பம் புடுங்கறன்னைக்கு அந்தத் துணியும் கூடவே கெணத்துல போயிரட்டும்."

அதற்குப் பிறகு நோம்பி முடியும்வரை நான் ஊரில்தான் இருந்தேன், வீட்டில் படுக்காமல் மில்லில் படுத்துக்கொண்டேன். ஊரில் யாரும் என்னை எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கேட்டிருந்தால் தப்பென்று சொல்லியிருப்பேன், அபராதம் போட்டால் கட்டியிருப்பேன். அவர்களைப் பொறுத்தவரை நான் போகவே இல்லை.

கம்பம் பிடுங்குகிற நாள் வந்தது. பறையடித்து, குலவையிட்டு, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனார்கள். நான் துணியைப் பொட்டலமாகக் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசியாகப் போனேன். கம்பம் தண்ணீரில் விழுந்து ஒரு தடவை நிமிர்ந்து பிறகு சாய்ந்தது. ஜனங்கள் கலைந்தார்கள். நான் கிணற்றின் மேட்டில் நின்றேன். பொட்டலம் ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஒரு துண்டின் கனத்தில் இல்லை. தூங்குகிற குழந்தையைக் கையில் வாங்கினால் ஒரு கனம் இருக்குமே, அப்படி இருந்தது. எதை விடுகிறோம் என்று நிச்சயமாகத் தெரியாமல் என்னால் அதைத் தண்ணீரில் விட முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலின் மேலேயே வைத்துவிட்டேன்.

விசா வந்தது. சித்திரை முடிவதற்குள் நான் போய் இறங்கினேன். விமான நிலையத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வந்ததும் பையை வாங்கவில்லை, சுகமா என்று கேட்கவில்லை. என் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தாள். கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானுங்களே?" என்றாள்.

"நான்தான்."

அதன் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. என் பெயருக்குக் கீழே அவளுக்கும் குடியிருப்பு கிடைத்தது. அவளுடைய அட்டை வந்த அன்று மகள் கட்டிலில் இருந்தபடியே அதை வாங்கி முத்தம் கொடுத்தாள். இங்கே நகரத்தின் ஓரத்தில் ஒரு குடோன் பிடித்து, எங்கள் தூளை இறக்கி, பூங்கா வேலை செய்கிறவர்களுக்கு விற்கிறேன். இங்கேயும் பேச வேண்டிய இடத்தில் மருமகன் பேசிக்கொள்கிறார். ஆடி பிறந்தபோது மகள் சுவரைப் பிடித்து நின்றாள். இப்போது மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் மரத்தபடியே, அடுப்படிவரை போகிறாள். இன்னும் குனிந்து நிமிர முடியாது. மனைவி அவளை விட்டு ஓரடி நகர்வதில்லை.

இந்த வாரம் மில்லுக்குப் போன் செய்தேன். அடுத்த லோடுக்கு, கழுவிய தூளை அனுப்புவதா, கழுவாததை அனுப்புவதா என்று ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. அக்காதான் எடுத்தாள். பின்னால் காற்று அடிக்கிற சத்தமும் தார்ப்பாய் படபடக்கிற சத்தமும் கேட்டன.

"எதை அனுப்பறதுன்னுங்களா? இருங்க தம்பி, ஒரு நிமிசம், கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

போனைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. அவள் யாரிடமோ ஏதோ சொன்னாள். பிறகு பொத்தியதை எடுத்தாள்.

"கழுவினதையே அனுப்பிரலாமுங்க. கழுவாதது உப்பு நிக்கும், பேரு கெட்டுப்போகும்."

நான் சொல்ல நினைத்தது அதேதான். அதே வார்த்தை.

"ஆருகிட்டக்கா கேட்டீங்க?"

தார்ப்பாய் படபடக்கிற சத்தம் மறுபடியும் கேட்டது.

"பழக்கத்துல சொல்லிட்டனுங்க தம்பி" என்றாள். "நீங்க இங்க இருந்தப்பவும் இப்படித்தான கேப்பேன். மில்லு நல்லா ஓடுதுங்க. நீங்க அங்கயே நிம்மதியா இருங்க."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் மகளின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள். நான் ஒரு நடை போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டால் சட்டத்துக்குக் குறைவில்லை. நாலே நாளில்கூட வந்துவிடலாம்.

"போனா வருவீங்க, இல்லைன்னு சொல்லலீங்க" என்றாள். "வந்து எறங்கறது நீங்கதான்னு நான் எதை வெச்சு நம்பறது?"

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். மனைவி இங்கே இருப்பது என் பெயரில். என் பெயரோடு யார் வந்து இறங்கினாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டி மேல் விரலை வைத்தால் திரை அவனை ஏற்றுக்கொள்ளும். அவளும் இங்கே இருக்கலாம், மகளும் நடப்பாள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் நடக்கும். என்னால் மட்டும் அதற்குச் சம்மதிக்க முடியவில்லை. போகவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, மரத்த காலை என்னைத் தேய்க்கச் சொன்னாள். உட்கார்ந்து தேய்த்தேன். மகள் கூசி, காலை இழுத்துக்கொண்டாள். அந்தக் காலை அவள் தானாக இழுத்தது அதுதான் முதல் தடவை.

ஆவணி மாதம் பத்தாம் தேதி, மத்தியானம் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதியது.